நான் ஒரு வரி, நீ ஒரு வரி: எல்லா ஜென்கின்ஸ் குறித்து வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் குழந்தைகளுக்காகப் பாடிய எல்லா ஜென்கின்ஸைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் சிலர் 'அவர் யார், இன்னும் சொல்லுங்கள்' என்கிறார்கள். மற்றவர்கள் 'அவர் செய்ததை நாங்களும் செய்து பார்க்க வேண்டும், எங்கே ஆரம்பிப்பது' என்கிறார்கள். இரண்டாவது வகைக் கேள்விகளுக்குத்தான் இங்கே அதிக இடம் தந்திருக்கிறோம்.

கேள்வி: எல்லா ஜென்கின்ஸ் முறையாகச் சங்கீதம் படித்தவரா? குழந்தைகளுக்கென்றே பாட எப்படி வந்தார்?

முறையாகப் படித்தவர் அல்லர். 1924 ஆகஸ்ட் 6 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். வளர்ந்ததெல்லாம் சிகாகோவின் தெற்குப் பகுதியில், கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த தெருக்களில். மாமா ஃபிளாய்ட் ஜான்சன் வாசித்த மௌத் ஆர்கன்தான் முதல் பாடம். கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை காதில் விழுந்துகொண்டே இருந்தது. தெருவில் சிறுமிகள் கைதட்டி ஆடும் பாட்டுகளும், ரீகல் தியேட்டரில் பார்த்த மேடை நிகழ்ச்சிகளும் மீதியைக் கற்றுக்கொடுத்தன.

1951ல் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் சமூகவியலில் பட்டம் பெற்றார். சிகாகோவுக்குத் திரும்பி, ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளம்பெண்கள் அமைப்பில் பதின்வயதினருக்கான நிகழ்ச்சிகளைக் கவனித்தார். 1956ல் உள்ளூர்ப் பொதுத் தொலைக்காட்சியில் தாளத்தைப் பற்றிய குழந்தைகள் நிகழ்ச்சி. அடுத்த ஆண்டே, மோசஸ் ஆஷ் நடத்திய ஃபோக்வேஸ் நிறுவனம் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகள் ஒரே வேலைதான். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவது, குழந்தைகள் முன்னால் நிற்பது, அவர்களைப் பாட வைப்பது.

2004ல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருதும், 2017ல் அமெரிக்காவின் தேசிய மரபுக் கலைஞர் விருதும் பெற்றார். நூறு வயது நிறைந்த பிறகு, 2024 நவம்பர் 9 அன்று சிகாகோவில் காலமானார். அங்கே பாட்டியும் தாயும் பேரனும் அவருடைய ஒரே பாட்டைச் சிறுவயதில் பாடியிருப்பார்கள். அவரிடம் பாடி வளர்ந்த பிள்ளைகள் ஆசிரியர்களாகி, தங்கள் வகுப்பில் அதையே பாட வைத்தார்கள். மூன்று தலைமுறைகளின் காதில் இசையை விதைத்தவர் என்று அவரைச் சொல்வது மிகை இல்லை.

கேள்வி: அவர் முறையை 'கால் அண்ட் ரெஸ்பான்ஸ்' (அழைப்பும் பதிலும்) என்கிறார்களே, பஜனையில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் வாங்கிப் பாடுவது போலத்தானா?

ஒரு பாதி அதேதான். அவர் கையாண்டதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தலைவர் பாடியதை அப்படியே திருப்பிப் பாடுவது. இன்னொன்று, தலைவர் வரி மாறிக்கொண்டே போக, கூட்டத்தின் பதில் மட்டும் மாறாமல் நிற்பது. இரண்டாவதில் குழந்தை நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு துண்டு. அதனால் மூன்று வயதுப் பிள்ளைகூட முதல் சுற்றிலேயே சேர்ந்துகொள்ளும்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் வயலிலும் தேவாலயத்திலும் பாடிக் காத்துவந்த வடிவம் இது. ஜாஸ் பாடகர் கேப் காலோவே மேடையில் நின்று ஒரு வரி வீச, அரங்கமே திருப்பி முழங்கியதைப் பார்த்துத்தான் தனக்கு இதில் ஆசை வந்தது என்று ஜென்கின்ஸ் சொல்லியிருக்கிறார். பெரியவர்களின் அரங்கில் நடந்ததைப் பாலர் வகுப்பின் தரை விரிப்புக்குக் கொண்டுவந்தது அவர் செய்த காரியம். 1957ல் வந்த முதல் இசைத்தட்டின் தலைப்பே 'கால் அண்ட் ரெஸ்பான்ஸ்' என்றுதான் தொடங்குகிறது.

கேள்வி: நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர். நான் பாடினால் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அல்லது எல்லாரும் ஒரேயடியாகக் கத்துகிறார்கள். எப்படித் தொடங்குவது?

முதல் இரண்டு நிமிடம் பாட்டே வேண்டாம். தொடையில் தட்டுங்கள். நான்கு தட்டு நீங்கள், நான்கு தட்டு அவர்கள். 'தா, தா, தக, தா' என்று மூன்றாவது தட்டை மட்டும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அது ஒட்டிக்கொண்டதும் அதே தாளத்தில் ஒரு சொல்லைப் பேசுங்கள். அவர்கள் திருப்பிப் பேசட்டும். அதன் பிறகுதான் சுரம். அதுவும் இரண்டே சுரம், ப க. மேலிருந்து கீழே இறங்கும் இந்தச் சின்னத் தாவல் குழந்தைகளின் வாயில் தானாகவே வரும். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தூரத்திலிருந்து கூப்பிடும்போது கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இந்த இறக்கம்தான் இருக்கும்.

அடுத்து ப த ப க. அது நிலைத்தால் ரி, ச. இப்படி மோகன ராகத்தின் ஐந்து சுரங்களுக்குள் ஒரு வருடமே பாடலாம். ம, நி இரண்டையும் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். க-வுக்கும் ம-வுக்கும் நடுவிலும், நி-க்கும் மேல் ச-வுக்கும் நடுவிலும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. சின்னக் குரல்கள் அங்கேதான் வழுக்கும்.

இப்போது மிக முக்கியமான இடம். உங்கள் வரி நான்கு தட்டையும் நிரப்பக் கூடாது. மூன்றாவது தட்டில் முடித்துவிடுங்கள். நான்காவது தட்டு மூச்சுக்கு. அந்தத் தட்டில் வாயைத் திறந்து, தோள் அசையும்படி, எல்லாரும் பார்க்க மூச்சை இழுங்கள். உள்ளங்கையை அவர்கள் பக்கம் நீட்டுங்கள். பிள்ளைகளும் உங்களோடு சேர்ந்து மூச்செடுப்பார்கள், அடுத்த தட்டில் ஒன்றாக எடுப்பார்கள். இந்த மூச்சுத் தட்டு இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் அரைத் தட்டுத் தாமதமாக வருவார்கள். நாம் 'பிள்ளைகளுக்குத் தாள ஞானம் இல்லை' என்று நினைத்துக்கொள்வோம். குறை நம் வரியில் இருக்கிறது.

அவர்கள் முறை வந்ததும் நீங்கள் பாடாதீர்கள். இதைக் கடைப்பிடிப்பதுதான் பெரியவர்களுக்கு எல்லாவற்றையும்விடக் கடினம். உதவுகிறோம் என்று நினைத்துக் கூடவே பாடுகிறோம். நம் குரல் கனமானது, பத்துச் சின்னக் குரல்களையும் மூடிவிடும். தன் குரல் தன் காதில் விழாத குழந்தை சரிபார்த்துக்கொள்ள வழி இல்லை, ஆகவே கத்தும் அல்லது நிறுத்திவிடும். முதல் சுற்றில் பதில் பலவீனமாக, இரண்டு பேர் மட்டும் முனகுவதாக வரும். பொறுங்கள். தாளத்தை மட்டும் தொடையில் நடத்திக்கொண்டு, அதே வரியை மறுபடி கொடுங்கள். மூன்றாவது, நான்காவது சுற்றில் பாதிப்பேர் வந்துவிடுவார்கள்.

'சத்தமா, இன்னும் சத்தமா' என்ற சொல்லை மறந்துவிடுங்கள். அது வந்த நொடியில் சுருதி போய்விடும். ஒருமுறை கத்திவிட்ட கூட்டத்தைப் பாட்டுக்குத் திருப்ப நேரம் பிடிக்கும். ஏற்கெனவே கத்துகிறார்கள் என்றால் உங்கள் வரியை ரகசியம் பேசுவது போல மெதுவாகக் கொடுங்கள். நீங்கள் எந்த அளவில் கொடுத்தீர்களோ அதே அளவில்தான் அவர்கள் திருப்புவார்கள்.

வேகத்தையும் பாருங்கள். இந்த வயதில் குழந்தைகள் தாமாகத் தட்டும் வேகம் பெரியவர்களுடையதைவிட அதிகம். நிமிடத்துக்கு 110 முதல் 125 தட்டு வரை வைத்துக்கொள்ளலாம். 'சின்னப் பிள்ளைகள்தானே, நிதானமாகப் பாடுவோம்' என்று 70க்கு இறக்கினால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் அவர்களுக்குப் பிடிமானம் இருக்காது, முந்திக்கொண்டு ஓடுவார்கள்.

ஒரே வரியை நான்கு முறை, பிறகு ஒரு சொல்லை மட்டும் மாற்றி நான்கு முறை. குழந்தையின் பெயரை வைத்துப் பாடுவது நல்ல மாற்றம். மொத்தம் ஏழு நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் கற்றவள், 5 கட்டையில் பாடுகிறேன். என்னோடு பாடும்போது குழந்தைகளின் குரல் கரகரவென்று பேச்சு மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்?

ச எந்த உயரத்தில் நிற்கிறது என்பதன் அளவுதான் கட்டை. உங்கள் ச அவர்களுக்கு மிகக் கீழே இருக்கிறது. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்குச் சௌகரியமான பரப்பு சிறியது. கீபோர்டின் நடு ஸ்தாயியில் 2 கட்டையிலிருந்து 6 கட்டை வரை, அதாவது டி-யிலிருந்து ஏ வரை. அதற்குக் கீழே போனால் அவர்கள் பேசும் குரலுக்கு இறங்கிவிடுவார்கள். பேசும் குரலில் சுருதியை நகர்த்தத் தெரியாது. உங்கள் 5 கட்டை ச, நடு ஸ்தாயிக்கும் கீழே உள்ள ஜி. ச முதல் ப வரை உள்ள பாட்டு முழுவதும் குழந்தைக்கு நிலவறையில்தான் நடக்கிறது.

எளிய வழி இருக்கிறது. உங்கள் 5 கட்டையின் பஞ்சமத்தையே, அதாவது ப-வையே, புதிய ச-வாக வைத்துக்கொள்ளுங்கள். அது 2 கட்டை. அங்கிருந்து ப வரை பாடினால் உங்களுக்கு அது பழைய ப-விலிருந்து மேல் ரி வரை, சிரமம் இல்லை. குழந்தைக்கு அது முழுக்க முழுக்கச் சரியான இடம். சுருதிப் பெட்டியை 2 கட்டையில் வைத்து முதல் வரியை எடுங்கள். ஒரே நாளில் வித்தியாசம் தெரியும்.

கமகமும் வேண்டாம். அசையும் சுரத்தில் எந்த இடத்தைப் பிடிப்பது என்று குழந்தைக்குத் தெரியாது. நிறுத்திய, நேரான சுரம் கொடுங்கள்.

கேள்வி: என் குரல் ஆண் குரல். மகள் என் குரலுக்கே இறங்கிப் பாடப் பார்த்துத் திணறுகிறாள்.

நீங்களும் 2 கட்டைதான். உங்களுடையது ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். அதைத் தன் ஸ்தாயிக்கு மாற்றிக்கொள்ள நிறையக் குழந்தைகளுக்குத் தெரிவதில்லை, உங்கள் ஆழத்தையே தேடுவார்கள். ஆகவே முதல் வரியை மட்டும் கள்ளக் குரலில், அதாவது உயர்த்திய மெல்லிய குரலில், எடுத்துக் கொடுங்கள், அல்லது கீபோர்டில் நடு ஸ்தாயி சுரத்தைத் தட்டிக் காட்டுங்கள். அவள் அங்கே நின்றுவிட்டால் பிறகு உங்கள் இயல்பான குரலுக்கு வந்துவிடலாம்.

கேள்வி: வகுப்பில் ஒரு பையன் எந்தப் பாட்டையும் ஒரே சுரத்தில் பாடுகிறான். மற்றவர்கள் கெட்டுவிடக் கூடாதே என்று சும்மா வாயசைக்கச் சொல்லலாமா?

கூடாது. வாயை மட்டும் அசைக்கச் சொல்லப்பட்ட பிள்ளை அந்தச் சொல்லை ஆயுசுக்கும் சுமக்கும். ஐந்து வயதில் சுருதி பிடிக்காமல் இருப்பது சாதாரணம். ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலோர் பிடித்துவிடுகிறார்கள், பாடிக்கொண்டே இருந்தால். அந்தப் பையனுக்குக் குரலை நகர்த்தலாம் என்பதே இன்னும் பிடிபடவில்லை. ஆம்புலன்ஸ் சங்கு போல 'ஊ' என்று கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கச் சொல்லுங்கள். விரலால் காற்றில் ஒரு கோடு வரையுங்கள். கோடு ஏறினால் குரல் ஏற வேண்டும். பிறகு அவன் இயல்பாக எந்தச் சுரத்தில் நிற்கிறானோ அதை நீங்கள் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து ஒரே ஒரு சுரம் மேலே கூப்பிடுங்கள். அவனைத் தேடி நாம் போவதுதான் இங்கே சரியான வரிசை.

கேள்வி: ஒரே பாட்டை நாள் முழுவதும் கேட்கிறாள். மாற்றலாமா?

வேண்டாம். அவளே விடுவாள். அதுவரை அந்தப் பாட்டில் ஏதோ ஒன்றை இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

கேள்வி: ஜென்கின்ஸின் நிகழ்ச்சிகளில் தாளக் கருவிகளுக்குப் பெரிய இடம் உண்டு என்று படித்தோம். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே செய்து கொடுக்கக் கூடியவை எவை?

இரண்டு போதும்: கிலுகிலுப்பை, தாளக்குச்சி.

கிலுகிலுப்பைக்குக் கைக்குள் அடங்கும் 100 மில்லி பிளாஸ்டிக் குப்பி எடுங்கள். ஒரு மேசைக்கரண்டி பச்சை அரிசி. கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மணிகள் ஓடி மோத இடம் இருந்தால்தான் ஒலி வெட்டென்று வரும். முக்கால் பங்கு நிரம்பினால் 'புஸ்' என்று மங்கிவிடும். அரிசிக்குப் பதில் சிறு கூழாங்கல் போட்டால் பத்துப் பிள்ளைகள் கையில் காது வலிக்கும். மூடியின் உட்புறத்தில் பசை தடவி இறுக்கி, மேலே துணிப் பிளாஸ்திரியை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். திறந்தால் அரிசி மூச்சுக்குழலில் போகும், ஆகவே மூன்று வயதுக்குட்பட்டவர் கையில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கிலுகிலுப்பையில் ஒரு சூட்சுமம் உண்டு. கையை அசைக்கும்போது ஒலி வராது. உள்ளே மணிகள் பறந்துபோய் எதிர்ச் சுவரில் மோதும்போதுதான் வரும். கையை அகலமாக வீசினால் அந்தப் பயணம் நீண்டு, ஒலி தட்டுக்குப் பின்னால் விழும். வகுப்பு முழுவதும் தாளத்தில் இழுப்பது இதனால்தான். முழங்கையை உடம்போடு ஒட்டி, ஒரு சாண் தூரத்துக்குள் மணிக்கட்டால் வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். 'கதவைத் தட்டு' என்றால் அந்த அசைவு தானாக வரும்.

தாளக்குச்சிக்கு நன்றாகக் காய்ந்த கெட்டி மரம், 25 முதல் 30 செ.மீ. நீளம், 2 செ.மீ. பருமன். முனைகளை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். ஈர மரமும் மெத்தென்ற மரமும் ஒலிக்காது. பிள்ளைகள் குச்சியை முஷ்டியில் இறுக்கிப் பிடிப்பார்கள். அப்போது 'டொக்' என்று செத்த ஒலிதான் வரும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தளர்வாகப் பிடித்த குச்சியின் மீது, மற்றதைக் குறுக்காகத் தட்டினால் மரம் மணி போல் பாடும்.

கருவிகளைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரே விதி: நான் கையைத் தூக்கினால் எல்லாம் தரையில். இதை நான்கைந்து முறை விளையாட்டாகப் பழக்கிவிட்டுப் பாட்டைத் தொடங்குங்கள். கொடுத்த பிறகு விதி சொன்னால் யார் காதிலும் விழாது.

கேள்வி: அவர் கையில் சின்ன கிட்டார் போல ஒன்றைப் படங்களில் பார்க்கிறோம். அதைக் கற்றுக்கொண்டு பிள்ளைகளுக்கு வாசிக்க முடியுமா?

அது பாரிட்டோன் யூகலேலி. கிட்டாரின் மெல்லிய நான்கு தந்திகளின் சுருதிதான் அதற்கும்: டி, ஜி, பி, இ. சாதாரணமாகக் கிடைக்கும் சிறிய யூகலேலியின் சுருதி ஜி, சி, இ, ஏ. முன்பு எதையும் வாசிக்காதவர் சிறியதையே எடுக்கலாம். கிட்டாரைவிட இது குழந்தைகளோடு பாட ஏற்றது. ஒலி மென்மையானது, பிள்ளைகளின் குரலை மறைக்காது. மடியில் அடங்குவதால் முகமும் மறையாது.

இரண்டே கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு, போதும். 2 கட்டை சுருதிக்கு டி, ஏ-7. பிடித்து உட்காரும்போது முகத்துக்கு அருகில் இருப்பது ஜி தந்தி. டி கார்டுக்கு ஜி, சி, இ மூன்று தந்திகளையும் இரண்டாவது கட்டத்தில் (கழுத்தில் குறுக்குக் கம்பிகளுக்கு நடுவிலுள்ள இடம்) அழுத்தி, ஏ தந்தியைத் திறந்து விட வேண்டும். ஏ-7க்கு சி தந்தியை முதல் கட்டத்தில் ஒரு விரலால் அழுத்தினால் போதும். வலது கை ஆள்காட்டி விரலின் நகப்புறத்தால் ஒவ்வொரு தட்டுக்கும் மேலிருந்து கீழே ஒரு வருடல். பதில் வரி வரும்போது வருடலைப் பாதியாகக் குறையுங்கள்.

டி கார்டுதான் படுத்தும். மூன்று விரல்களையும் அந்தக் குறுகிய கட்டத்துக்குள் நெருக்கினால் ஒன்று தந்தியை விட்டு நழுவும், அல்லது ஏ தந்தியை உரசி அதை ஊமையாக்கும். மூன்று தந்திகளின் மேலும் நடுவிரலை ஒன்றாகப் படுக்க வைத்து அழுத்திப் பாருங்கள், விரல் நுனியைச் சற்று மேலே தூக்கியபடி. கருவி புதியது என்றால் நைலான் தந்தி முதல் ஒரு வாரம் நீண்டுகொண்டே இருக்கும், நாளுக்குப் பலமுறை சுருதி சேர்க்க வேண்டிவரும். கருவியில் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: மௌத் ஆர்கன் வாங்கிக் கொடுக்கலாமா? எத்தனை வயதில்?

ஆறு வயதுக்கு மேல் கொடுக்கலாம். பத்துத் துளை டயட்டானிக் (ஒரே சுருதியின் சுரங்கள் மட்டும் உள்ள வகை), சி சுருதி. அதாவது 1 கட்டை. பாட்டுக்குத் துணையாக வாசிப்பதென்றால் டி சுருதிக் கருவி இன்னும் பொருத்தம், துளை வரிசை ஒன்றேதான்.

4வது துளையில் ஊதினால் ச, இழுத்தால் ரி. 5ல் ஊதினால் க, இழுத்தால் ம. 6ல் ஊதினால் ப, இழுத்தால் த. 7வது துளைக்கு வரும்போது வரிசை புரளும். அங்கே இழுத்தால்தான் நி, ஊதினால் மேல் ச. எல்லாரும் தடுக்கி விழும் இடம் அதுதான். 6, 7 இரண்டிலும் அடுத்தடுத்து இழுக்க வேண்டும் என்று தனியாக ஒரு பத்து முறை பழகினால் தீர்ந்தது. சங்கராபரண ராகத்தின் ஏழு சுரங்களும் இந்த நான்கு துளைகளுக்குள் முழுமையாக இருக்கின்றன. கீழே முதல் மூன்று துளைகளில் ம-வும் த-வும் இல்லை. கார்டு ஒலிப்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பாட்டை அங்கே தேடினால் கிடைக்காது.

'2வது துளை இழுத்தால் வேலை செய்யவில்லை, மாற்றித் தாருங்கள்' என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோவோர் உண்டு. பெரும்பாலும் கருவியில் குறை இருக்காது. உறிஞ்சுவது போல இழுப்பதால் ரீடு, அதாவது உள்ளே அதிரும் உலோக நாக்கு, திணறும். சாதாரணமாக மூச்சு வாங்குவது போல, தொண்டையைத் திறந்து, கருவி வழியே மூச்செடுத்தால் ஒலிக்கும்.

இனிப்பு தின்ற வாயோடு வாசிக்கக் கூடாது, சர்க்கரை ரீடில் ஒட்டும். வாசித்து முடித்ததும் துளைகள் கீழ்நோக்கி இருக்க, உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி எச்சிலை வெளியேற்ற வேண்டும். நடுச்சட்டம் மரத்தில் செய்தது என்றால் தண்ணீரில் கழுவவே கூடாது, உப்பிவிடும். ஒருவர் கருவியை இன்னொருவர் வாயில் வைக்க விடாதீர்கள்.

கேள்வி: அவர் பல மொழிகளில் குழந்தைகளைப் பாட வைத்தாராமே. புரியாத மொழியில் பாடுவதால் என்ன பயன்?

சான் பிரான்சிஸ்கோவில் படித்த காலத்திலேயே பல இனத்தாரின் பாட்டுகளோடு பழகியவர் அவர். பிறகு போன நாடுகளிலிருந்தெல்லாம் வணக்கச் சொற்களையும் எண்ணிக்கைப் பாட்டுகளையும் கொண்டுவந்தார். 1974ல் வந்த 'ஜாம்போ' இசைத்தட்டு கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்தின் பலன். 'ஜாம்போ' சுவாஹிலியில் வணக்கம். நிறத்தால் பிரிந்து கிடந்த ஒரு நாட்டில், எல்லா நிறத்துப் பிள்ளைகளையும் ஒரே வரியை ஒன்றாகப் பாட வைத்தவர் அவர்.

பழக்கும்போது மூன்று காரியம் செய்யுங்கள். அந்த மொழி பேசுபவரின் வாயிலிருந்து உச்சரிப்பைக் கேளுங்கள். வரியின் பொருளை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பிறகு தாளத்தில் பேசிப் பழக்கி, கடைசியில் மெட்டு. மெட்டையும் புதிய ஒலிகளையும் ஒன்றாகக் கொடுத்தால் இரண்டும் குழம்பும். ஆறு அசைக்கு மேல் ஒரு வரி வேண்டாம். கேலியாக நீட்டி முழக்கி உச்சரிக்க ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, சரியான ஒலியைத் திரும்பக் கொடுங்கள். இதில் நாங்கள் கண்டிப்பாகவே இருக்கச் சொல்கிறோம்.

கேள்வி: நாற்பது பிள்ளைகள், ஒரு கூடம், அரைமணி நேரம். தனியாளாகச் சமாளிக்க முடியுமா?

முடியும். அரைவட்டமாக மூன்று வரிசைக்குள் உட்கார வையுங்கள். நான்காவது வரிசைக்கு உங்கள் மூச்சுத் தட்டு தெரியாது. ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சத்தில் உங்கள் வாய் இருட்டாகிவிடும், எதிர்ப்பக்கம் மாறி நில்லுங்கள். வந்திருக்கும் ஆசிரியர்களைச் சுவரோரம் நிற்க விடாமல் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வையுங்கள். அவர்கள் பாடினால் சுற்றிலும் உள்ள பிள்ளைகளும் பாடும்.

வணக்கம், அறிமுகம் எதுவும் இல்லாமல் நேரே தட்டலில் தொடங்குங்கள். உட்கார்ந்து பாடுவது ஒன்று, எழுந்து அசைந்து பாடுவது ஒன்று என்று மாறி மாறிப் போங்கள். ஆறு பாட்டு போதும். நடுவில் ஒரு பிள்ளையை முன்னால் அழைத்துத் தலைவராக்குங்கள். அது நான்கு தட்டு தட்ட, நாற்பது பேரும் திருப்பித் தட்டுவார்கள். வெட்கப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள்; பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு பேராக வரச் சொல்லலாம். ஒலிபெருக்கியில் பின்னணி இசையை ஓட விடுவது மட்டும் வேண்டாம். அது யாருக்காகவும் காத்திருக்காது. பிள்ளை ஒரு தட்டு தவறினால் பாட்டு அதை விட்டுவிட்டுப் போய்விடும்.

கேள்வி: அவருடைய இசைத்தட்டுகளில் எதிலிருந்து தொடங்குவது?

ஏறத்தாழ நாற்பது இருக்கின்றன. 1966ல் வந்த 'யூவில் சிங் எ சாங் அண்ட் ஐவில் சிங் எ சாங்' முதலில். 2007ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துக் காக்கும் பதிவு அது. தலைப்புப் பாட்டில் ஒவ்வொரு கண்ணியிலும் செயல் மட்டும் மாறும்: பாடுவது, விசிலடிப்பது, முனகுவது என்று. சொல் வராத பிள்ளைக்கும் அதில் இடம் இருக்கிறது. குழந்தைகளின் குரல்கள் மெருகு போடாமல் அப்படியே பதிவாகியிருக்கின்றன. ஆங்கிலம் புரியாவிட்டாலும் தடை இல்லை.

அடுத்து 1957ன் முதல் தட்டு. அதைக் கேட்கும்போது பென்சிலால் தட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே கேளுங்கள். அவர் எந்தத் தட்டில் வரியை விடுகிறார், எங்கே மூச்செடுக்கிறார் என்பது பிடிபடும். மொழிகளில் ஆர்வம் இருந்தால் 1995ன் 'மல்ட்டிகல்ச்சுரல் சில்ட்ரன்ஸ் சாங்ஸ்'. ஃபோக்வேஸ் இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தின் வசம் இருக்கிறது. தட்டுகளோடு வந்த குறிப்பேடுகளை அவர்களுடைய இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தட்டைக் கேட்பதற்கு முன் குறிப்பேட்டைப் படித்துவிடுங்கள், பாட்டுகளை எப்படி நடத்துவது என்ற விளக்கம் அதில் இருக்கும்.